புகையிலைத் தண்ணீர்

கெலமங்கலத்துக்குக் குடிவந்த முதல் மாதமே பதினெட்டுக் கத்தரி நாற்றுகளை என் கையாலேயே கொன்றேன்.

கிராம சேவக் என்று ஒருவர் சைக்கிளில் வந்தார். வீட்டுக்கு வீடு காய்கறித் தோட்டம் போடச் சொல்லிவிட்டு, மடித்த காகிதத்தில் விதையும் ஒரு பொட்டலம் சீமை உரமும் கொடுத்தார். உரம் வெள்ளை வெளேரென்று சர்க்கரை மாதிரி இருந்தது. "செடிக்கு ஒரு சிட்டிகைம்மா, தூரை விட்டுத் தள்ளிப் போடுங்க" என்று அவர் சொன்னார். அவர் மேல் குற்றமில்லை. ஆனால் சிட்டிகை போட்டு எதை வளர்க்க முடியும்? காவேரிப்பட்டினத்தில் ஆற்றோரத் தோட்டத்துக்கு எருவைக் கூடை கூடையாகக் கொட்டிப் பழகியவள் நான். கைப்பிடி கைப்பிடியாகத் தூரிலேயே வைத்துத் தண்ணீர் ஊற்றினேன். மூன்றாம் நாள் இலையோரம் கருகியது. ஐந்தாம் நாள் பதினெட்டும் அப்பளமாக நொறுங்கின.

"அளவுக்கு மிஞ்சினா அமிர்தமும் நஞ்சுன்னு சும்மாவா சொன்னாங்க" என்றார் என் வீட்டுக்காரர் கோவிந்தப்பன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "சாந்தம்மான்னு பேர் வெச்சாங்களே, உங்கம்மாவுக்கு அப்ப உன்னப் பத்தித் தெரியாது. செடிக்குக்கூட அவசரம் அவசரமா ஊட்டற" என்றும் சேர்த்துக்கொண்டார். அன்றைக்கு அவருக்குக் களியும் வெறும் மோரும்தான்.

இனி வெள்ளைப் பொடி எதுவும் என் வாசற்படி ஏறக்கூடாது என்று முடிவு செய்தேன். சாணம், சாம்பல், சருகு, இவைதான் என் தோட்டத்துக்கு. ஆனால் எங்களுக்கு மாடு இல்லை. கோவிந்தப்பனுக்குச் சந்தைத் தெருவில் புகையிலைக் கடை. வீட்டுப் பின்கட்டு முழுக்கப் புகையிலைக் கட்டுதான். தினமும் நான்தான் உட்கார்ந்து காம்பு உருவி, தூள் சலித்து, கட்டுப் பிரித்துக் கொடுப்பேன். கடையில் அவர் தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று வருகிறவன் வாய்க்குத் தகுந்த மாதிரி பேசி விற்பார். மூன்று பாஷையிலும் அவரிடம் சரக்கு உண்டு, சாணம் மட்டும் கிடையாது.

அப்போது வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "அக்கா, பூச்சிக் கழிவு இருக்குது. போடறீங்களா? செடி தூக்கும்."

அடுத்த வீட்டு சுக்ரா. இருபத்தைந்து வயதிருக்கும். அவளும் அவள் புருஷன் ஃபக்ருதீனும் வீட்டுக்குள் பட்டுப்பூச்சி வளர்த்தார்கள். கூடத்தையும் உள் அறையையும் புழுக்களுக்கு விட்டுவிட்டு, சமையல்கட்டில் படுத்துக்கொள்வார்கள். மூங்கில் தட்டுகளில் புழு. அதற்கு வேளா வேளைக்கு முசுக்கொட்டைத் தழை. தின்றது போக மிஞ்சும் தண்டும் மிளகு மிளகாக விழும் எச்சமும் தினம் ஒரு கூடை சேரும். அதைத்தான் தருகிறேன் என்றாள்.

வாங்கினேன். வேலியோரம் ஒரு குழி வெட்டி, கழிவு ஒரு அடுக்கு, சருகு ஒரு அடுக்கு, அடுப்புச் சாம்பல் ஒரு பிடி என்று மாற்றி மாற்றிப் போட்டுத் தண்ணீர் தெளித்தேன். இரண்டு மாதத்தில் அது கருப்பு மண்ணாக, கையில் எடுத்தால் மழை பெய்த வாசனையோடு வந்தது. குளிக்கிற தண்ணீரைக் கால்வாய் இழுத்துப் பாத்திக்கு விட்டேன். இந்த ஊரின் செம்மண்ணை நான் மதித்ததே இல்லை. எங்கள் ஆற்று வண்டல் எங்கே, இது எங்கே? ஆனால் அந்தச் சாப்பாடு போட்டதும் அது என் வாயை அடைத்தது. கத்தரி இடுப்பளவு வந்தது. வெண்டை, மிளகாய், பூசணி என்று எல்லாம் காய்த்தன. அவரைக்குப் பந்தல் போட எனக்கு நேரமில்லை. அதுவாகவே வேலி மேல் ஏறிக்கொண்டது. வேலி என்றால், எங்களுக்கு முன்னால் குடியிருந்தவர்கள் வைத்துவிட்டுப் போன முசுக்கொட்டைச் செடி வரிசை. எங்களுக்கு அது வேலி, சுக்ராவுக்குத் தீவனம். "எப்ப வேணும்னாலும் பறிச்சுக்கோ, என்னைக் கேக்காத" என்று முதலிலேயே சொல்லியிருந்தேன்.

இவ்வளவு கொடுக்கல் வாங்கல் இருந்தும் ஒரு விஷயம் என் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. ஏழு மாதமாக சுக்ரா என்னைத் தன் வீட்டுக்குள் விட்டதில்லை.

முதலில் நான் கவனிக்கவில்லை. பேச்செல்லாம் வேலியிலேயே நடந்தது. அப்புறம் ஒருநாள் முதல் காய்ப்புக் கத்தரிக்காயை முறத்தில் எடுத்துக்கொண்டு அவள் வாசலுக்கே போனேன். நிலைப்படியில் கால் வைக்கப் போனேன், சுக்ரா ஓடி வந்து இரண்டு கையாலும் கதவை அடைத்துக்கொண்டு நின்றாள். "இங்கியே குடுங்கக்கா, உள்ள ஒரே குப்ப" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு முகத்தில் ஒட்டவே இல்லை. சரி, பூச்சி வளர்க்கிற வீட்டில் வெளியாள் நுழையக்கூடாது போல என்று திரும்பினேன். பத்து அடி வந்திருப்பேன், எதிர்வீட்டுப் பூவம்மாள் தழைக் கூடையோடு அதே கதவுக்குள் விறுவிறுவென்று நுழைந்து போனாள்.

பூவம்மாளுக்கு மூன்று பிள்ளைகள். எனக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருடம், ஒன்றும் இல்லை.

கல்லடி பட்டாலும் படலாம், கண்ணடி படக்கூடாது என்பார்கள். பிறந்த ஊரில் அந்தப் பேச்சை நான் ஜாடைமாடையாக எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். வளைகாப்பு வீட்டில் என்னைப் பின்வரிசையில் உட்காரச் சொல்வார்கள். குழந்தைக்குச் சோறூட்டும்போது நான் போனால் கிண்ணத்தை முந்தானையால் மூடுவார்கள். கெலமங்கலத்துக்கு வந்தபோது இந்த ஊர் என்னை அறியாது என்று ஒரு நிம்மதி இருந்தது. அந்தக் கதவு அதைப் பறித்துக்கொண்டது. இவள் வயதென்ன, என் வயதென்ன, வேலியில் நின்று அக்கா அக்கா என்று உருகுவதென்ன என்று மனசு கொதித்தது. கேட்டுவிடலாம். ஆனால் கேட்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டால்? அதற்குக் கோபமே மேல் என்று கோபித்துக்கொண்டேன். வேலிப் பக்கம் போவதைக் குறைத்தேன். கழிவுக் கூடையை அவள் வைத்துவிட்டுப் போவாள், நான் எடுத்துக்கொள்வேன், அவ்வளவுதான்.

அந்தச் சமயம் பார்த்து அவரையில் அசுவினிப் பூச்சி வந்தது. கொழுந்து முழுக்கக் கருப்பாக, எள்ளை ஒட்டிவைத்த மாதிரி அப்பிக்கொண்டது. சாம்பல் தூவினேன். ஒரு நாள் அடங்கும், மறுநாள் இரட்டிப்பாக இருக்கும். மலேரியாவுக்கு மருந்தடிக்க வீடு வீடாக வந்த ஆட்களில் ஒருவர், "கொஞ்சம் டிடிடி தரேன், தூவுங்கம்மா, ஒண்ணு மிஞ்சாது" என்றார். அதுவும் வெள்ளைப் பொடி. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

வீடு நிறையப் புகையிலையை வைத்துக்கொண்டு நான் ஏன் ஊரான் மருந்துக்கு அலைய வேண்டும்? வீணாகப் போகும் காம்பையும் தூளையும் ஒரு பானையில் ஊறப்போட்டேன். மறுநாள் டீத்தண்ணீர் நிறத்தில் இறங்கியதை வடிகட்டி, பூந்திக்கொட்டை நுரையைக் கலந்து, வேப்பங்கொத்தைத் தோய்த்துச் சாயங்காலம் அவரை மேல் தெளித்தேன். இதில் என்ன விஷம் இருக்கிறது? ஊரே வாயில் போட்டு மெல்லுகிற சரக்கு. மண்ணில் விளைந்தது மண்ணுக்கே போகிறது என்று எனக்கு ஒரே பெருமை. அவரை ஏறியிருந்த வேலியும் சேர்ந்து நனைந்தது. சுக்ராவிடம் ஒரு வார்த்தை சொல்லிவைக்கலாமா என்று தோன்றத்தான் செய்தது. அந்தப் பக்கம் புழுக்கள் தழை தின்னும் சத்தம் சின்ன மழை மாதிரி கேட்டுக்கொண்டிருந்தது. நான்தான் கோபத்தில் இருக்கிறேனே. வீட்டுக்குள் விடாதவளிடம் என் தோட்டத்துக் கணக்கை எதற்கு ஒப்பிக்க வேண்டும் என்று உள்ளே வந்துவிட்டேன்.

மறுநாள் காலை கோவிந்தப்பன் கம்பங்கூழைக் குடித்துக்கொண்டே ஊர் நியாயம் பேசினார். கிணற்றடியில் ஃபக்ருதீனைப் பார்த்தாராம்.

"பாவம், ஆளு எளச்சுட்டான். பூச்சி கடைசிப் பருவத்துல இருக்குது. இன்னும் நாலஞ்சு நாள்ல கூடு கட்டுமாம். தழ பத்தலன்னு ஆலாப் பறக்கறான். நம்ம வேலித் தழையக்கூட விடியக்காலையிலியே பறிச்சுட்டுப் போனானாம். உன்னக் கேக்காம எடுத்தோம்னு சங்கடப்பட்டான்."

"அதான் எப்ப வேணும்னாலும் எடுக்கச் சொல்லியிருக்கனே" என்றேன்.

"எட்டி நின்னுதான் பேசறான் மனுசன். சந்தையிலகூட நம்ம கடைன்னா எதிர்ச்சாரியில நின்னு கூப்புடுவான். பொகையில ஆவாதுல்ல."

"என்ன ஆவாது?"

"பட்டுப்பூச்சிக்குத்தான். கையில பொகையில தொட்டுட்டுத் தழையத் தொட்டாலே போதும், புழு செத்துப்போயிரும்பாங்க. ஊருக்கே தெரியுமே. ஒனக்குத் தெரியாதா?"

எங்கள் ஊரில் பட்டுப்பூச்சி ஏது, எனக்கு எப்படித் தெரியும்? ஏழு மாதத்தில் இதைச் சொல்ல இந்த மனுஷனுக்கு இன்றைக்குத்தான் வாய் திறந்திருக்கிறது. திட்டக்கூட நேரமில்லை. கூழ்ப் பானையை அப்படியே போட்டுவிட்டுப் பின்பக்கம் ஓடினேன்.

வேலியில் அவரைக்கொடி மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. முசுக்கொட்டை வரிசை பாதிக்கு மேல் மொட்டையாக நின்றது. அந்தப் பக்கம் மண்வெட்டிச் சத்தம். எட்டிப் பார்த்தேன். ஃபக்ருதீன் குழி வெட்டிக்கொண்டிருந்தான். முழங்கால் ஆழம் போயிருந்தது. பக்கத்தில் ஒரு கூடை சுண்ணாம்பு. சமையல்கட்டு வாசலில் சுக்ரா தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. போன வருடம் அவர்களுக்கு இரண்டு தடவை புழுவுக்கு நோய் வந்தது. முதலில் ஒரு தட்டில்தான் கண்டதாம். பார்க்கலாம் என்று பொறுத்திருக்கிறார்கள், நாற்பது தட்டும் போயிற்று. வீட்டில் தங்கிய நோய் அடுத்த வளர்ப்பையும் தின்றது. இனி ஒரு தட்டில் கண்டாலும் மொத்தத்தையும் சுண்ணாம்பு போட்டுப் புதைத்துவிடு என்று கனகபுரத்தில் அவனுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் சொல்லி அனுப்பியிருந்தார். இந்த வளர்ப்பும் கெட்டால் வீட்டைப் பூட்டிக்கொண்டு பெங்களூர் மில்லுக்குப் போவதுதான் வழி என்று சுக்ரா ஒரு நாள் வேலியில் நின்று சொல்லியிருக்கிறாள். இப்போது அந்தக் குழியைத்தான் வெட்டுகிறான்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு நொடி வாயை மூடிக்கொண்டு திரும்பிவிடலாமா என்று எனக்குத் தோன்றியது. அவர்கள் நோய் என்றே நினைக்கிறார்கள். நான் தெளித்ததை யாரும் பார்க்கவில்லை. சொன்னால், பிள்ளையில்லாதவள் கண் வைத்தது போதாதென்று கையும் வைத்தாள் என்றுதான் ஊர் பேசும். அந்த ஒரு நொடியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அடுத்த மண்வெட்டி மண்ணில் விழுந்த சத்தம்தான் என்னை உலுக்கியது.

"வெட்டாதீங்க" என்று கத்தினேன். "நோயி இல்ல. நான்தான். நேத்து சாயங்காலம் அவரைக்குப் பொகையிலத் தண்ணி தெளிச்சேன். வேலித் தழையெல்லாம் அதுதான்."

ஃபக்ருதீன் மண்வெட்டியோடு அப்படியே நின்றான். சுக்ரா எழுந்து வந்தாள். வேலியைத் தாண்டி ஓடப் போன நான் பாதியில் நின்றுவிட்டேன். என் கையில் புகையிலை, சேலையில் புகையிலை. நான் இனி எங்கே கால் வைக்க?

அவள் என் தலைமுடியைப் பிடித்து இழுப்பாள் என்று எதிர்பார்த்தேன். பிடித்திருந்தால் கொடுத்திருப்பேன். அவளோ என்னையே பார்த்துக்கொண்டு, "நோயி இல்லியா?" என்றாள்.

"இல்ல சுக்ரா."

"நெசமாவாக்கா? பொகையிலதானா?"

"ஒரு பானை ஊறவெச்சு நான்தான் தெளிச்சேன்."

"யா அல்லா" என்று அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "நோயி இல்லீங்க. கேட்டீங்களா, நோயி இல்லியாம்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஃபக்ருதீன்தான் மூச்சுவிட்டுச் சொன்னான். விடியற்காலைப் பனியில் தழை நனைந்திருந்ததால் வாடை தெரியவில்லை, அதைத் தரையில் உலரப் போட்டிருக்கிறார்கள். ஈரத் தழை புழுவுக்கு ஆகாது. மேலாக உலர்ந்ததை மட்டும் நாலு தட்டுக்குப் போட்டிருக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் அந்த நாலு தட்டுப் புழுவும் தின்பதை விட்டுவிட்டுத் தலையைத் தூக்கி ஆட்டி, வாயில் பச்சைத் தண்ணீர் கக்க ஆரம்பித்தன. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். நோய் திரும்பிவிட்டது என்றே முடிவு கட்டிவிட்டார்கள். நோயென்றால் நாற்பது தட்டும் புதைக்க வேண்டும். புகையிலையென்றால் நாலு தட்டோடு போகும்.

"பொகையில பட்டா சாவும்னு கேள்விதான்க்கா. அந்தப் பக்கமே போனதில்லியா, எப்படி இருக்கும்னு கண்ணால பாத்ததில்ல" என்றான். "கம்மியாத்தான் தின்னிருக்குது. காத்தாட வெச்சு நல்ல தழ போட்டாப் பொழச்சாலும் பொழைக்கும்னு எங்க வாத்தியாரு சொல்லியிருக்காரு."

மண்வெட்டியை எறிந்துவிட்டு உள்ளே ஓடினான். இருவருமாக அந்த நாலு தட்டையும் தூக்கி வந்து கொல்லைப் புங்கமரத்து நிழலில் வைத்தார்கள். தழையை ஒன்று விடாமல் பொறுக்கி எடுத்தார்கள். தரையில் உலரப் போட்டிருந்ததையெல்லாம் வாரி அந்தக் குழியிலேயே கொட்டினார்கள். பூவம்மாளின் வீட்டுக்காரர் உத்தனப்பள்ளி சாலையில் ஒரு தோட்டத்துக்குத் தழைக்குப் போனார். அது வருகிறவரை மற்ற தட்டுகளுக்கு அரைத் தீனிதான். கோவிந்தப்பன் கடைக்குப் போகாமல் என் பக்கத்தில் வந்து நின்றார். "நாம ஏதாச்சும் செய்யலாமா?" என்றார். எங்கள் இரண்டு பேரால் அன்றைக்குச் செய்யக்கூடிய ஒரே உதவி, கிட்டே போகாமல் இருப்பதுதான்.

அவர் கொஞ்ச நேரத்தில் போய்விட்டார். நான் போகவில்லை. கிணற்றில் தலை முழுகிவிட்டு வந்து வேலிக்கு இந்தப் பக்கம் வெயிலில் நின்றேன். மாற்றிய சேலையிலும் அதே வாடை. பெட்டியிலிருப்பது எல்லாமே அப்படித்தான். ஏழு மாதம் என் மூக்குக்கே தெரியாமல் அதோடு வாழ்ந்திருக்கிறேன். புழுக்கள் தட்டில் சுருண்டு கிடந்தன. சில பின்னங்காலால் மட்டும் பிடித்துக்கொண்டு தலையைத் தொங்கவிட்டிருந்தன. சுக்ரா ஒரு இறகால் ஒவ்வொன்றாக நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தாள்.

"சுக்ரா, நேத்தே உங்கிட்ட சொல்லணும்னு நெனச்சேன். கோவத்துல சொல்லாம விட்டுட்டேன்."

"எம்மேல என்னக்கா கோவம்?" தலை நிமிராமலே கேட்டாள்.

இனி மறைத்து ஆகப்போவது என்ன? "என்ன உள்ள வுடமாட்டேன்ற. பூவம்மாவ வுடற. எனக்குப் புள்ள இல்ல, எங்கண்ணு பட்டுப் பூச்சிக்கு ஆவாதுன்னுதான?"

அவள் இறகைக் கீழே வைத்துவிட்டாள். என்னை வெறித்துப் பார்த்தாள். "கண்ணா? உங்க கண்ணுக்கு என்னக்கா? கல்யாணமாயி ஆறு வருசமாச்சு, எனக்குந்தான் இல்ல. அப்ப எங்கண்ணு தெனம் நாலு வேள படுதே, அதுல இதுங்களுக்கு என்னத்த ஆவுது?"

அதை நான் யோசிக்கவே இல்லை. என் குறையைச் சுமந்துகொண்டு திரிந்ததில் அவளுக்கும் அதே குறை என்பது என் புத்தியில் உறைக்கவில்லை. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு.

"அப்புறம் எதுக்கு கதவ அடச்ச?"

சுக்ரா இறகை மறுபடி எடுத்துக்கொண்டாள். "உங்க மேல வீசுது இல்ல, அந்த வாடைக்கோசரந்தான். நீங்க வாசல்ல வந்தாலே எனக்குத் தெரிஞ்சிரும்."

"இத மொத நாளே சொல்லித் தொலைக்கறதுதான?"

"எப்படிக்கா சொல்றது? உங்க மேல நாத்தம் அடிக்குது, உள்ள வராதீங்கன்னா? உங்களுக்குச் சோறு போடற தொழிலு. அதப் போயி எப்படிச் சொல்றது? பொகையிலக்காரர் வூட்டுக்காரி, தெரியாமலா இருப்பாங்கன்னு நெனச்சேன். தெரிஞ்சுதான் வேலியோட நின்னுக்கறீங்கன்னு நெனச்சேன்."

அவள் மரியாதைக்காகப் பேசாமல் இருந்தாள். நான் கோபத்தில் பேசாமல் இருந்தேன். இரண்டு மௌனமும் சேர்ந்து நாலு தட்டுப் புழுவைக் கொல்லப் பார்த்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அது துக்க அழுகை இல்லை. நாறுகிறேன் என்று ஒருத்தி முகத்துக்கு நேரே சொல்லி, அதைக் கேட்டு மனசு இவ்வளவு லேசானவள் என்னைத் தவிர வேறு யாரும் இருக்க மாட்டார்கள். நாற்றம் குளித்தால் போகும். நான் பயந்துகொண்டிருந்தது எதில் குளித்தாலும் போகாத ஒன்று.

தழை வந்து சேர்ந்தபோது நடுப்பகல் தாண்டிவிட்டது. நாலு தட்டிலும் போட்டார்கள். ஒன்றும் தொடவில்லை. ஃபக்ருதீன் புங்கமரத்தில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். சுக்ரா தட்டை விட்டு அசையவில்லை. நானும் நின்றேன். எனக்குத் தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன். காவேரிப்பட்டினத்து ஆற்றங்கரை அம்மனை மட்டும் மூன்று தடவை கூப்பிட்டேன்.

வெயில் சாய்ந்தபோது சுக்ரா கையைத் தூக்கினாள். "அக்கா, இதப் பாருங்க."

அந்த மங்கின வெளிச்சத்தில் வேலியிலிருந்து எனக்கு என்ன தெரியும்? ஆனால் காது கேட்டது. ஒரு தட்டில் மெல்லச் சரசரவென்று ஏதோ ஆரம்பித்தது. நிற்கும், மறுபடி ஆரம்பிக்கும். பிறகு பக்கத்துத் தட்டிலும். ஃபக்ருதீன் குனிந்து பார்த்துவிட்டு முகத்தைத் தோள் துண்டால் துடைத்துக்கொண்டான். விளக்கு வைப்பதற்குள் நாலு தட்டிலும் மழை பெய்தது. செத்தவற்றைப் பொறுக்கினால் ஒரு முறம் தேறவில்லை. மற்றதெல்லாம் தின்றுகொண்டிருந்தன.

நான் மறுநாளே வேலி முசுக்கொட்டையைத் தூரோடு ஒட்ட அறுத்தேன். அது வெட்ட வெட்டத் துளிர்க்கிற ஜாதி, அடுத்த வளர்ப்புக்குப் புதுத் தழை வந்துவிடும். அவரையையும் பிடுங்கினேன். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது, பூவெடுத்த கொடி. எல்லாவற்றையும் ஃபக்ருதீன் வெட்டிய அந்தக் குழியிலேயே போட்டு மூடச் சொன்னேன். வெட்டின குழியை வீணாக்குவானேன் என்று, அது மக்கியதும் அதன் மேல் பூசணி வைக்கும்படி சுக்ராவிடம் விதையும் கொடுத்தேன். புகையிலைக் கட்டெல்லாம் கடையின் பின்னறைக்குப் போயின. கோவிந்தப்பன் முணுமுணுத்தார். நான் பார்த்த பார்வையில் முணுமுணுப்பை மூன்று பாஷையிலும் நிறுத்திக்கொண்டார். என் தோட்டத்துக்கு இனி மருந்து என் விரல்தான். அசுவினியைத் தண்ணீர் அடித்துக் கழுவுவேன், புழுவைக் கையால் பொறுக்குவேன். பொழுதுக்கும் வேலைதான். இருக்கட்டும். என் கைக்கும் ஒரு வேலை வேண்டும்.

ஐந்தாம் நாள் காலை வேலிக்கு மேல் ஒரு சேலை வந்து விழுந்தது. துவைத்து, வேப்பிலை வைத்து மடித்த சேலை.

"கெணத்துல போயி சீயக்காப் போட்டு நல்லாத் தேச்சுக் குளிச்சுட்டு, இதக் கட்டிக்கிட்டு வாங்கக்கா" என்றாள் சுக்ரா. "பூச்சி பழுத்துருச்சு. கூட்டுக்கு ஏத்தணும்."

தோல் சிவக்கத் தேய்த்துக் குளித்தேன். தலைக்கு இரண்டு தடவை. வாசற்படியில் சுக்ரா என் கையை முகர்ந்து பார்த்தாள். உச்சந்தலையையும் முகர்ந்தாள். எங்கள் அம்மாகூட என்னை அப்படி முகர்ந்ததில்லை. "ம், வாங்க" என்று வழிவிட்டாள்.

உள்ளே இருட்டும் தழை வாசனையுமாக இருந்தது. தட்டுகள் அடுக்கடுக்காகக் கூரை வரை நின்றன. பழுத்த புழுக்கள் தின்பதை விட்டுவிட்டு, உடம்பெல்லாம் மஞ்சள் கண்ணாடியாகி, இடம் தேடி ஊர்ந்தன. சுவரோரம் மூங்கில் பின்னிய சந்திரிகைகள் சாய்த்து வைத்திருந்தார்கள். அதில் ஏற்றினால்தான் புழு கூடு கட்டும். பூவம்மாள் முந்தானையைச் செருகிக்கொண்டு தயாராக நின்றாள். ஆனால் யாரும் தொடவில்லை.

"என்ன, பாத்துக்கிட்டே நிக்கறீங்க?" என்றேன்.

"மொதப் பூச்சிய வூட்டுக்கு வேண்டியவங்க கையால ஏத்தறது எங்க வழக்கம்" என்றான் ஃபக்ருதீன். சுக்ரா ஒரு புழுவை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். குளிர்ச்சியாக, மெத்தென்று இருந்தது.

"நானா?" என்றேன்.

"அன்னிக்கு நீங்க வாயத் தொறக்கலன்னா நாப்பது தட்டும் குழியிலதான்க்கா இருந்திருக்கும்."

பதினோரு வருடத்தில் ஒரு நல்ல காரியத்துக்கு முதல் கை வைக்க என்னை யாரும் கூப்பிட்டதில்லை. பூவம்மாளைப் பார்த்தேன். அவள், "வெய்யி, மசமசன்னு நிக்காத, வேல கெடக்குது" என்றாள். வைத்தேன். அது மூங்கிலைப் பற்றிக்கொண்டு தலையை இப்படியும் அப்படியும் ஆட்டியது. வாயிலிருந்து கண்ணுக்குத் தெரியாத இழை ஒன்று வந்து ஒட்டியது. அதற்குள் சுக்ரா அடுத்த தட்டை என் மடியில் வைத்துவிட்டாள்.

பொழுது சாயும்வரை பொறுக்கிப் பொறுக்கி ஏற்றினோம். மறுநாள் காலையும் குளித்துவிட்டுப் போய்ப் பார்த்தேன். சந்திரிகை முழுக்க மஞ்சள் மஞ்சளாகக் கூடுகள். என் புழு எது என்று எவ்வளவோ தேடினேன், தெரியவில்லை. எல்லாம் ஒரே மாதிரி இருந்தன.